மணலில் புதையாத சக்கரம்: சைக்கிளுக்கு அகல ரிம் கட்ட முழுமையான வழிகாட்டி

பழவேற்காட்டில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடலோரம் இறங்கினால், முதல் இருபது அடிக்குள் சாதாரண சைக்கிள் மண்டியிட்டுவிடும். முன்சக்கரம் இரண்டு விரற்கடை புதையும், கைப்பிடி தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் திரும்பும், ஓட்டுகிறவர் காலை ஊன்றி இறங்குவார். அதற்குப்பின் சைக்கிள் வெறும் சுமை. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போனேன். இப்போது என் சைக்கிளில் இருப்பது 80 மி.மீ. அகல ரிம்மும் நான்கு அங்குல டயரும். அதே மணலில் உட்கார்ந்தபடியே போகிறேன்.

எனக்கு ஊர் தடா. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் வரும் ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சைக்கிள் கடையில் இரண்டும். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நடக்கப் பழகிய கையோடு நான் பழகியது சக்கரத்தில் கோட்டம் எடுக்கத்தான். கடை இன்று இல்லை. ஸ்போக் சாவி மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு இந்த அகலச் சக்கரங்களை நானே கட்டினேன். முதல் தடவை தப்பாகக் கட்டிக் காசையும் விட்டேன். அந்தத் தப்புகளும் கீழே வரும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அகல ரிம் தானாக மணலில் மிதக்காது. டயரில் காற்றை மிகக் குறைவாக வைத்தும் சைக்கிள் ஓட்ட வழிசெய்வதுதான் அதன் வேலை. மிதக்க வைப்பது காற்றுக் குறைவு. இது புரியாதவர்கள் பெரிய சக்கரம் வாங்கி, அதில் 30 பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அடைத்துக்கொண்டு போய், மணலில் நின்றுவிட்டு ரிம்மைத் திட்டுகிறார்கள்.

பனியில் பிறந்தது, மணலிலும் பிறந்தது

இந்தச் சக்கரத்துக்குப் பிறந்த வீடு இரண்டு. ஒன்று அலாஸ்கா. அங்கே 1987-இல் ‘ஐடிடாபைக்’ என்ற பந்தயம் தொடங்கியது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகள் போகும் பனித்தடத்தில் 200 மைல் சைக்கிள் ஓட்ட வேண்டும். சாதாரண டயர் பனியில் புதைந்ததால், ஓட்டியவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டவைத்துப் பற்றவைத்துப் பார்த்தார்கள். பிறகு ஃபேர்பேங்க்ஸ் ஊரில் சைமன் ராகோவர் ‘ஸ்னோகேட்’ என்ற 44 மி.மீ. ரிம்மைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அதுவே பெரிய அகலம்.

இன்னொரு வீடு அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலம். அங்கே ரே மொலினா என்பவர் மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக 80 மி.மீ. ரிம்மும் மூன்றரை அங்குல டயரும் செய்வித்தார். பனிக்காரர்களும் மணல்காரர்களும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. காலுக்குக் கீழே நிலம் நழுவுகிறது என்பதுதானே இருவருக்கும் சிக்கல். 2005-இல் ‘சர்லி’ நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்ற சைக்கிளை 3.7 அங்குல டயரோடு கடைக்குக் கொண்டுவந்த பிறகு, பட்டறையில் பற்றவைக்கும் வேலை முடிந்து, விலைக்கு வாங்கும் பொருளாக இது மாறியது.

தீப்பெட்டியும் அஞ்சலட்டையும்

ஓட்டுகிறவர் 65 கிலோ, சைக்கிள் 17 கிலோ, மொத்தம் 82. அதில் அறுபது சதவீதம், அதாவது 49 கிலோ, பின்சக்கரத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். டயரில் 40 பி.எஸ்.ஐ. இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ அழுத்தம். 49-ஐ 2.8-ஆல் வகுத்தால் பதினேழரை சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அவ்வளவுதான் இருக்கும். மொத்தப் பாரத்தையும் ஒரு தீப்பெட்டியின்மேல் ஏற்றி மணலில் வைத்தால் புதையாமல் என்ன செய்யும்?

அதே டயரில் 6 பி.எஸ்.ஐ. வைத்தால் அழுத்தம் 0.42 கிலோ, தரையைத் தொடும் பரப்பு 116 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை. டயர்ச் சுவரின் விறைப்பால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் ஏழு மடங்கு வித்தியாசத்தை அது விழுங்கிவிடாது.

அப்படியானால் சாதாரண ரிம்மிலேயே காற்றைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்துப் பாருங்கள். 25 மி.மீ. ரிம்மில் பருத்த டயரை மாட்டிக் காற்றை இறக்கினால், திருப்பத்தில் டயர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடியும், கல்லில் ரிம் இடிக்கும், சில நேரம் டயரின் விளிம்பே ரிம்மைவிட்டுக் கழன்று வரும். படகில் காலைச் சேர்த்து நிற்பவன் தள்ளாடுவான், அகட்டி நிற்பவன் நிற்பான். அகல ரிம் டயரின் இரண்டு காலையும் அகட்டி வைக்கிறது. டயரும் சற்று விரிகிறது: ரிம்மின் உள்ளகலம் 10 மி.மீ. கூடினால் டயர் சுமார் 4 மி.மீ. அகலும்.

முதல் வேலை: சைக்கிள் சட்டத்தை (ஃபிரேமை) அளப்பது

பணத்தை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள். பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஓடும் இரண்டு குழாய்களுக்கு நடுவே, டயர் வரும் இடத்தில், எத்தனை மி.மீ. இடைவெளி என்று பாருங்கள். முன் ஃபோர்க்கிலும் அப்படியே. நான்கு அங்குல டயர் ஏறக்குறைய 100 மி.மீ.; இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. வீதம் சும்மா விட வேண்டும். மணலும் சேறும் ஒட்டிக்கொண்டு சுற்றும்போது அந்த இடைவெளி இல்லையென்றால், டயரே உப்புத்தாள்போல் சட்டத்தின் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

பழைய ஆள்சைக்கிள் சட்டத்திலும் சாதாரண மவுண்டன் சைக்கிள் சட்டத்திலும் இது நுழையாது. பட்டறையில் குழாயை நெருப்புக் காட்டி விரித்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். சட்டத்தை விரித்தாலும் செயின் நேராக வராது. டயரின் ஓரத்தை உரசிக்கொண்டே ஓடும். பருமன் டயருக்கென்றே செய்த சட்டத்தில் பெடல் அச்சு போகும் குழாய் 100 மி.மீ. அகலம் இருப்பது இதற்காகத்தான். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் இந்த அகலத்துக்கு எட்டாது. டிஸ்க் பிரேக் வேண்டும்.

சட்டம் மாற்ற மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு, எனக்கு அதில் மதிப்பும் உண்டு. டிஸ்க் பிரேக் உள்ள மவுண்டன் சைக்கிளாக இருந்தால், 40 முதல் 45 மி.மீ. ரிம் போட்டு, சட்டம் இடம் கொடுக்கும் மிகப் பெரிய டயரை, இரண்டரை அங்குலமோ சற்றுக் கூடவோ, மாட்டிக்கொள்ளலாம். அலாஸ்காக்காரர்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினார்கள். உலர்ந்த மணலில் திணறும். அலை நனைத்துப்போன மணலில் நன்றாகவே போகும்.

‘26’ என்ற பொறி

என் காசு போனது இங்கேதான். அகல டயர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பக்கத்தில் 26 x 4.0 என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் பழைய 26 அங்குல இரும்பு ரிம்கள் நான்கு கிடந்தன. அலாஸ்கா கதையைப் படித்த சூட்டில், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். வெல்டிங் கூலி, கம்பி, இரண்டு நாள் வேலை. கடைசியில் டயரை மாட்டினால் ஏறவே இல்லை. சோப்புத் தண்ணீர், மூன்று நெம்புகோல், பக்கத்து வீட்டுப் பையன், எல்லாம் போட்டுப் பார்த்தும் ஏறவில்லை.

காரணம் எளிது. சைக்கிள் உலகில் ‘26’ என்பது ஓர் அளவு இல்லை. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. 26 x 1⅜ என்று எழுதிய ரிம்முக்கு அது 590 மி.மீ. 26 x 4.0 என்று புள்ளி வைத்து எழுதிய டயருக்கு 559 மி.மீ. 31 மில்லிமீட்டரை எந்த நெம்புகோலும் ஜெயிக்காது. டயரின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். 100-559 போல இரண்டு எண்கள் சிறிதாகப் பொறித்திருக்கும். இரண்டாவது எண்ணும் ரிம்மின் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பின்னம் போட்டு எழுதியதும் புள்ளி வைத்து எழுதியதும் ஒன்றென்று கடைக்காரர் சொன்னால், அவர் நல்லவராகவே இருந்தாலும் அங்கே வாங்காதீர்கள்.

பற்றவைத்த அந்த ரிம்களின் எடையை நான் சொல்லவில்லை. ஒன்று இன்று எங்கள் கொல்லையில் பாகற்கொடிக்குப் பந்தல் வளையமாக இருக்கிறது.

எந்த அகலம்?

கிடைப்பவை பெரும்பாலும் 65 முதல் 100 மி.மீ. வரை. நூறு எதற்கு? ஐந்து அங்குல டயருக்கு, ஆழப் பனிக்கு. நம் கரைக்கு அது தேவையில்லை. எடையும் கூடும், தார்ச்சாலையில் திருப்புவதும் மாடு இழுப்பதுபோல் இருக்கும். நான்கு அங்குல டயருக்கு 65-உம் போதும், 80-உம் நன்று. சாலையில் பாதி, மணலில் பாதி என்று ஓட்டுபவருக்கு 65 என்பேன். நான் 80 எடுத்தது மணலுக்காகவே இந்தச் சைக்கிளை வைத்திருப்பதால்.

ஒற்றைச் சுவர் ரிம், இரட்டைச் சுவர் ரிம் என இரண்டு வகை. ஒற்றைச் சுவர் ரிம்மின் நடுவே எடையைக் குறைப்பதற்காகப் பெரிய ஓட்டைகள் வெட்டியிருப்பார்கள்; அவற்றின் வழியாக உள்ளே போட்ட பட்டை தெரியும். வண்ணப் பட்டை போட்டு அழகு பார்ப்பவர்களும் உண்டு. இரட்டைச் சுவர் உறுதியானது; ஆனால் கடலோரத்தில் அதன் உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழி தேட வேண்டும். நான் ஒற்றைச் சுவரில் நிற்கிறேன். எதுவாயினும் அலுமினியமாக இருக்கட்டும். இரும்பு ரிம்மைப் பழவேற்காட்டுக் காற்று விட்டுவைக்காது.

ஹப் (கம்பிகள் கோக்கும் சக்கரத்தின் நடு உருளை) வாங்கும்போது சட்டத்தின் அச்சுப் பிடிகளுக்கு நடுவே உள்ள உள்அகலத்தை அளந்து, அதே அகலத்தில் வாங்குங்கள். சாதாரண சைக்கிளில் முன்னால் 100, பின்னால் 135 என்று இருக்கும். பருமன் டயர்ச் சட்டங்களில் முன்னால் 135 அல்லது 150. பின்னால் 170, 177, 190, 197 என்று போகும். ஐந்து மி.மீ. வித்தியாசம்தானே, நெருக்கிப் பூட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கம்பியின் நீளம்

எங்கள் பக்கத்தில் போக்ஸ் கம்பி என்போம். அகல ரிம் கட்டுவதில் தேர்ந்த மெக்கானிக்குகளும் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் போவோம்.

முதலில் ரிம்முக்குள் விட்டத்தை அளக்க வேண்டும். இரண்டு பழைய கம்பிகளில் நிப்பிளை (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு திருகு) மாட்டி, ரிம்மில் எதிரெதிரான இரண்டு ஓட்டைகளில் செருகி, நடுவில் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து அளந்தால், நிப்பிளின் தலையிலிருந்து தலைவரை விட்டம் கிடைக்கும். 540 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி 270. ஹப்பின் காதில், அதாவது ஓரத் தட்டில், கம்பி ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் பாதி 29. ஹப்பின் நடுவிலிருந்து காதுவரை 50. மொத்தம் 32 கம்பி, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடக்கும். அதற்கான கோணம் 67.5 பாகை, அதன் கொசைன் 0.383.

270-இன் வர்க்கம் 72,900. 29-இன் வர்க்கம் 841. 50-இன் வர்க்கம் 2,500. மூன்றையும் கூட்டி, அதிலிருந்து 2 x 270 x 29 x 0.383, அதாவது சுமார் 5,995 கழித்தால் 70,246. வர்க்கமூலம் 265. காதின் ஓட்டையில் பாதியாக ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கழித்தால் 264.

பாடம் இதோடு முடிந்தது என்று கம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரண ரிம்மில் ஓட்டைகள் ஏறக்குறைய நடுக்கோட்டில் இருக்கும். அகல ரிம்மில் இரண்டு வரிசை. இடப்பக்கக் கம்பிகளுக்கு இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கத்துக்கு வலப்பக்கம். நடுக்கோட்டிலிருந்து அந்த வரிசை 15 மி.மீ. தள்ளியிருந்தால், கம்பி பக்கவாட்டில் போகும் தூரம் 50 இல்லை, 35. கணக்கில் 2,500 இருந்த இடத்தில் 1,225 போடுங்கள். விடை 261 சொச்சம். இரண்டரை மி.மீ. குறைந்துவிட்டது. 264 கம்பி போட்டிருந்தால், இறுக்கும்போது நிப்பிளுக்கு மரை தீர்ந்து, கம்பியின் நுனி நிப்பிளின் மேலே நீட்டிக்கொண்டு டியூபைப் பார்க்கும். டிஸ்க் மாட்டும் ஹப்பில் இரண்டு காதுகளும் நடுவிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், இடம் வலம் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

கம்பி துருப்பிடிக்காத எஃகு, நிப்பிள் பித்தளை. கடலோரத்தில் வேறு பேச்சே இல்லை. அலுமினிய நிப்பிள் எடை குறைவு, பார்க்க வண்ணமாக இருக்கும். உப்பு பட்டால் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, சாவி போட்டால் தலை சிதையும்.

பின்னுதலும் கோட்டமும்

வால்வு ஓட்டைக்கு அடுத்த ஓட்டையிலிருந்து தொடங்குங்கள். வலக்காதில் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டுக் கம்பி. ரிம்மில் ஒவ்வொரு நான்காவது ஓட்டையிலும் ஒன்று. வலக்காதுக் கம்பி வலவரிசைக்கே போக வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இடக்காதில் எட்டு. அதன்பின் ஹப்பைக் கையால் திருப்பி, மீதிப் பதினாறை எதிர்த்திசையில் பின்னுங்கள்: ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும், முதல் இரண்டுக்கு வெளியே, மூன்றாவதற்கு உள்ளே. கூடை பின்னுகிற கை இருந்தால் இது உடனே வந்துவிடும்.

எல்லா நிப்பிளையும் கம்பியின் கடைசி மரை மறையும்வரை திருகிக்கொண்டு, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக அரைச் சுற்று, அரைச் சுற்று என்று போங்கள். அவசரப்பட்டு ஓரிடத்தை இறுக்கினால், எதிர்ப்பக்கம் போய் அதைத் தேட வேண்டியிருக்கும். கோட்டம் எடுக்கத் தனி ஸ்டாண்ட் இல்லாவிட்டாலும், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டி, குழாயில் ஒரு பென்சிலைக் கட்டிவைத்துச் சுற்றினால் போதும். ரிம் பென்சிலை உரசும் இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்கி, உரசும் பக்கத்தைத் தளர்த்துங்கள், கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கோட்டம் எடுப்பார். விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே போவார். ஒரே பக்கக் கம்பிகள் ஒரே ஸ்வரத்தில் பேச வேண்டும். மந்தமாகப் பேசும் கம்பி தளர்ந்தது, கீச்சென்பது இறுகியது. இறுக்கக் கருவி வாங்காமல் நான் இன்னமும் காதை வைத்துத்தான் பார்க்கிறேன். முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் சேர்த்து நன்றாக நெரியுங்கள். ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும், கம்பிகள் தங்கள் இடத்தில் உட்காருகின்றன. திரும்பவும் கோட்டம் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்பதால் ஒரு மி.மீ. ஆட்டம் குற்றமில்லை. ஒற்றைச் சுவர் ரிம்மை அளவுக்குமீறி இறுக்கினால்தான் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி நாளடைவில் விரிசல் விடும்.

பட்டை, டியூப், டயர்

வெட்டிய ஓட்டைகளை மூடும் பட்டை, ரிம்மின் உள்ளகலத்தைவிட 5 முதல் 8 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அகலமாகிவிட்டால் டயரின் விளிம்பு அதன்மேல் ஏறி உட்காராது. நைலான் பட்டை நல்லது. நான் ஒருமுறை பருத்தித் துணியை வெட்டிப் போட்டேன்; உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு வாரத்தில் கருவாட்டு வாசனை அடித்தது.

நான்கு அங்குல டியூப் கிடைக்காத ஊர்களில், அதே 559 விட்டத்துக்கான இரண்டரை அங்குல டியூபைப் போடுவார்கள். காற்று குறைவு என்பதால் அது விரிந்து கொடுக்கும், எடையும் மிச்சம். ஆனால் விரிந்த ரப்பர் மெல்லியது, முள்ளுக்குச் சீக்கிரம் பணியும். முள் பற்றி நம் கரைக்குத் தனி எச்சரிக்கை தேவை. ராவணன் மீசைப் புல்லின் உருண்டையான முள்தலைகள் காற்றில் உருண்டு மணலெங்கும் கிடக்கும். ஊருக்குள் வந்தால் சீமைக் கருவேலம். டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் விடுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து நிரப்புங்கள்.

டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் கைப்பம்பால் காற்றடியுங்கள். சுற்றிலும் ஒரே உயரத்தில் விளிம்பு உட்கார்ந்ததா என்று பார்த்து நிறுத்துங்கள். லாரி, மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை இதில் வைக்கவே வேண்டாம். அகல ரிம்களின் தாங்குஅளவு பல வகைகளில் 20, 30 பி.எஸ்.ஐ.-க்குள் முடிந்துவிடும், ரிம்மில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டயர் அகலமாக அகலமாக, அதே காற்று ரிம்மின் ஓரத்தை அதிக பலத்தோடு வெளியே தள்ளும்.

காற்று

எல்லாவற்றிலும் முக்கியமான கருவி இனிமேல்தான் வருகிறது: 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சிறிய அழுத்தமானி. நூறுவரை காட்டும் மானியில் 5-உம் 9-உம் முள் அசையாத ஒரே இடம். மணலில் அந்த நான்கு பி.எஸ்.ஐ.தான் ஓட்டுவதற்கும் தள்ளுவதற்கும் இடையே உள்ள தூரம்.

65 கிலோ ஆளாகிய எனக்கு ஒத்துவருவது இது. தார்ச்சாலையில் 15 முதல் 18. அலை நனைத்த கெட்டி மணலில் 8 முதல் 10. உலர்ந்த மணலில் 4 முதல் 6, முன்சக்கரத்தில் பின்சக்கரத்தைவிட ஒன்று குறைவாக. எடை கூடியவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். எண்ணைவிடத் தடத்தை நம்புங்கள். பத்தடி ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பாருங்கள். தடம் வாய்க்கால்போல் ஆழ்ந்து, இரண்டு பக்கமும் கரை எழும்பியிருந்தால் காற்று அதிகம். பாய் விரித்ததுபோல் தட்டையாக, டயரின் பூக்கள் தெளிவாகப் பதிந்திருந்தால் சரி. டயரின் பக்கச்சுவரில் சுருக்கம் விழுந்து, கல்லில் ரிம் இடிக்கிற சத்தம் கேட்டால் அரை பி.எஸ்.ஐ. கூட்டுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலை 27 பாகையில் 7 வைத்துக்கொண்டு போனால், டயர் வெயிலில் 50 பாகைக்குச் சுடும்போது ஏறக்குறைய எட்டே முக்கால் ஆகிவிடும். ‘காலையில் நன்றாகப் போயிற்று, பத்து மணிக்குப் புதைகிறது’ என்பவர்களின் மர்மத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, மணல் காய்ந்துவிட்டது என்பது.

பனிக்குப் போகிறவர்களுக்கு இது தலைகீழ். ஸ்பிதிக்கோ லடாக்குக்கோ சக்கரத்தைக் கொண்டுபோய், 25 பாகை வெப்பமுள்ள அறைக்குள் 8 வைத்துவிட்டு, உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் வெளியே இறங்கினால் ஐந்தரை சொச்சம்தான் இருக்கும். வெளியே நிறுத்திக் குளிர்ந்தபிறகு அளப்பதே முறை.

கரையில் ஓட்டுவது

கடல் உள்வாங்கத் தொடங்கிய பிறகு, அலை விட்டுப்போன ஈர மணல்தான் நம் தார்ச்சாலை. தினமும் அந்த நேரம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்தச் சாலை அகலமாகக் கிடைக்கும். சின்ன கியரில் போட்டு, உட்கார்ந்தபடி, விட்டுவிடாமல் மிதியுங்கள். எழுந்து மிதித்தால் பின்சக்கரம் தோண்டும். கைப்பிடியை வெட்டித் திருப்பாதீர்கள்; உடம்பைச் சாய்த்துப் பெரிய வட்டமாகத் திரும்புங்கள்.

அகல ரிம்மால் ஆகாத இடமும் எங்கள் பக்கத்திலேயே உண்டு. கோடையில் பழவேற்காடு ஏரியின் ஓரங்கள் வற்றி, சூலூர்ப்பேட்டைப் பக்கம் வெடித்த தரையாகக் கிடக்கும். மேலே காய்ந்த அப்பளம், கீழே களி. அகல டயர் அப்பளத்தை உடைத்ததும் களி சக்கரத்தைச் சுற்றி ஏறி, சட்டத்துக்குள் அடைத்து, சக்கரம் சுற்றாமலே நிற்கும். மணலும் பனியும் டயரிலிருந்து உதிரும், களி உதிராது. ஒருமுறை நான் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த தூரம், ஓட்டிக்கொண்டு போன தூரத்தைவிட அதிகமாகத் தெரிந்தது. ஏரியில் பூநாரைகள் இறங்கும் குளிர்மாதங்களில் அந்தப் பக்கம் சக்கரமே வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் கரை தடைசெய்யப்பட்ட இடம் என்பதையும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். முட்டைகள் அலைக்கு எட்டாத உலர்மணலில் இருக்கும். அந்த மாதங்களிலும் குஞ்சு பொரிக்கும் அடுத்த இரண்டு மாதங்களிலும் ஈர மணலோடு நிற்பதும், இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு கரையில் சுற்றாமல் இருப்பதும் ஓட்டுபவரின் கடமை. அடம்பங்கொடி படர்ந்த மேட்டின்மேல் ஏறுவதும் அப்படியே. அந்தக் கொடிதான் மணலைப் பிடித்துவைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் நல்ல தண்ணீர். வாளியிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். ஹப்பை நோக்கி வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் பேரிங்குக்குள் போய்விடும். ஒற்றைச் சுவர் ரிம்மில் பட்டையைச் சற்று அமுக்கினால் உள்ளே தேங்கிய மணல் ஓட்டை வழியாகக் கொட்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், டிஸ்க்கில் எண்ணெய் படாமல். மாதம் ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்று இறுக்கி, அதே கால் சுற்றைத் தளர்த்திவிடுங்கள்; உப்பு அதை ஒட்டவைக்காமல் இருக்கும். சாலைக்கு ஏறும்முன் காற்றைத் திரும்ப 15-க்குக் கொண்டுவராவிட்டால் டயர் தேய்ந்துபோகும், தொடையும்தான்.

இந்தச் சக்கரத்தோடு முதல்முறை கரையில் இறங்கியபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, சைக்கிளுக்கு யானைக்கால் வந்துவிட்டதா?” என்று கேட்டார். மூன்றாம் முறை பார்த்தபோது சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டியைப் படகிலிருந்து சாலைக்கு இழுக்கும் தள்ளுவண்டிக்கு இதைப் போடலாமா என்று விசாரித்தார். போடலாம் ஐயா, ஆனால் இந்தக் கம்பிச் சக்கரத்தை வேண்டாம் என்றேன். சைக்கிள் திருப்பத்தில் சாய்ந்துகொடுக்கும், அதனால் பாரம் எப்போதும் கம்பிகளின் வழியே நேராக இறங்கும். தள்ளுவண்டி சாயாது, திருப்பும்போது மொத்தப் பாரமும் பக்கவாட்டில் தள்ளி, சக்கரம் அப்பளம்போல் மடங்கும். பழைய ஸ்கூட்டர் சக்கரத்தில் பருமனான டயரைப் போட்டு, காற்றைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அடுத்த வாரம் போனபோது வண்டி கரையில் நின்றது. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது. “காற்றைக் குறைத்தால் பஞ்சர் என்று பையன்கள் கேலி செய்கிறார்கள் தம்பி” என்றார். வால்வை நானே திறந்துவிட்டேன்.